நீலப்பட்டைக்கு ஒரு தோட்டம்

"தேன் கொடுக்குமா?"

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவுக்கு வருகிறவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று முதலில் கேட்பது இதைத்தான். கொடுக்காது என்பேன். "அப்ப கொட்டுமா?" என்று அடுத்த கேள்வி வரும். அதன் வழிக்குப் போகாமல் இருந்தால் கொட்டாது என்பேன். தேனும் தராமல், கொட்டவும் கொட்டாமல் இது என்ன தேனீ என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அறையின் மறுபக்கம் இருக்கும் மேசைக்குப் போய்விடுவார்கள். அங்கே வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து இது எதற்கு, இதனால் என்ன லாபம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. "ஐயோ, என்ன அழகு!" அத்தோடு சரி.

அந்த மறுபக்கத்து மேசை என் அண்ணியுடையது. மரியாதைக்காக அண்ணி என்று கூப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம் அவர் வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தார். ஒருநாள் நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அண்ணன் வந்தான். டப்பாவைக் கையில் பிடித்தபடியே அவரோடு பேசிக்கொண்டு நின்றவன், டப்பாவோடேயே திரும்பிப் போய்விட்டான். அன்றைக்கு நான் பட்டினி. அதற்குப் பிறகு வீட்டிலும் அண்ணி, வேலையிலும் அண்ணி.

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் நாத்தனார்கிட்டேர்ந்து தப்பிக்க ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு. எனக்கு அதுவும் இல்ல பாருங்க" என்று அவர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். அண்ணி எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள், நான் எதைச் சொன்னாலும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மூஞ்சிக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவரோ எனக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். என் கண்ணாடியைத் துடைத்து வைப்பார். என் கட்டுரை வெளியானால் அண்ணனுக்கு முன்னால் அவர்தான் ஊரெல்லாம் சொல்வார், கட்டுரையைப் படிக்காமலேயே. இப்படிப்பட்ட மனுஷியிடம் எப்படிக் கோபப்படுவது? நான் பட்டேன். வெளியில் காட்ட வழியில்லாமல் தினமும் உள்ளுக்குள்ளேயே பட்டேன்.

அண்ணியின் செல்லம் எலுமிச்சை அழகி. கறுப்பு இறக்கையில் வெளிர் மஞ்சள் திட்டுகள், ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. பெயரிலேயே அழகி என்று வைத்தாகிவிட்டது, அப்புறம் என் கட்சி எங்கே ஜெயிக்க? எலுமிச்சைத் தளிரில் ஒரு முட்டை, பக்கத்துத் தளிரில் ஒரு முட்டை என்று ஒட்டிவிட்டு அது பாட்டுக்குப் பறந்துவிடும். பிள்ளை தின்றதா, பிள்ளையை யாராவது தின்றார்களா என்று திரும்பிப் பார்க்காது.

என்னுடையது நீலப்பட்டைத் தேனீ. இதில் ராணி கிடையாது, வேலைக்காரிகள் கிடையாது, கூட்டுக் குடும்பமே கிடையாது. ஒவ்வொருத்தியும் தனி. வெயிலில் காய்ந்த களிமண்ணைப் பல்லால் பெயர்த்து, காலால் தள்ளி, சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு சுரங்கம் தோண்டுவாள். அடியில் சின்னச் சின்ன அறைகள். தண்ணீர் இறங்காதபடி அறைச் சுவருக்கு ஒரு பூச்சு. கத்திரிப் பூவைக் கவ்விக்கொண்டு உடம்பையே அதிர வைத்து மகரந்தத்தை உதிர்ப்பாள். அதைக் காலில் அப்பிக்கொண்டு வந்து, தேனில் பிசைந்து, அறையில் நிரப்பி, மேலே ஒரு முட்டையிட்டு, மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். பிள்ளை வெளியே வரும்போது பெரும்பாலும் இவள் உயிரோடு இருக்க மாட்டாள்.

இதைச் சொன்னால் அண்ணிக்குக் கண் கலங்கிவிடும். கலங்கிய கண்ணோடேயே, "ஆனா பாரேன், என் பொண்ணும் கண்ட இலையில வைக்க மாட்டா. கால்ல ருசி பார்த்து, இதுதான் எம்பிள்ளை தின்னும்னு தெரிஞ்சுதான் வைப்பா" என்பார். அதுவும் உண்மைதான். உண்மையாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

அருங்காட்சியகத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவில் சரிவாக ஒரு களிமண் தரை. புல் பூண்டு கிடையாது. காலை வெயில் நேராக விழும். என் தேனீக்கள் அங்கேதான் வருடா வருடம் சுரங்கம் தோண்டின. ஒவ்வொன்றாகத் தோண்டினாலும் அக்கம்பக்கமாகத் தோண்டுவது இவற்றின் வழக்கம். இத்தனை கூடுகளை ஒரே இடத்தில் இந்த ஊரில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டை அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். பார்க்கிறவர்களுக்கு, வெறுந்தரையை முறைத்துக்கொண்டு ஒருத்தி சாப்பிடுகிறாள், அவ்வளவுதான் தெரியும்.

அந்தத் தரைக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் 'செஞ்சிடலாம்'. எதைக் கேட்டாலும் செஞ்சிடலாம் என்பார், செய்ய மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைச் செய்யக் கிளம்பினார். பின்பக்கத்துத் தரைக்கு சிமெண்ட் போட்டு, வலைக்கூரை அடித்து, உள்ளே உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிடும் கூடம் ஒன்று கட்டுவது. அது அண்ணியின் நெடுநாள் ஆசை. நான் இயக்குநரின் அறைக்குப் போய்க் கத்தினேன். சிமெண்ட் போட்டால் கீழே இருப்பதெல்லாம் அப்படியே சமாதி என்றேன்.

"சரிம்மா, சண்டை எதுக்கு? ரெண்டு பேரும் பொதுமக்கள் முன்னாடி பேசுங்க. எந்தப் பூச்சிக்கு அந்த இடம்னு அவங்க கைதூக்கிச் சொல்லட்டும். அதையே செஞ்சிடலாம்" என்றார்.

வண்ணத்துப்பூச்சியையும் மண்ணுக்குள் வாழும் ஒரு தேனீயையும் எதிரெதிரே நிறுத்திக் கைதூக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்து தயாரித்தேன். எனக்கு முக்கியமாக ஒரே ஒரு படம்: அந்த வெறுந்தரை, கிட்டத்தில் எடுத்தது, துளைகள் தெரிகிற மாதிரி. இதுதான் இவற்றின் வீடு, இதன்மேல் எதுவும் வைக்காதீர்கள், சும்மா விட்டாலே போதும். இதைச் சொல்வதற்காகத்தான் மேடை ஏறினேன்.

கூட்டம் நிறைய வந்திருந்தது. முதலில் அண்ணி பேசினார். பேசி முடித்ததும், இலையோடு பறித்த எலுமிச்சைக் கிளை ஒன்றை முன்வரிசைக் குழந்தைகளிடம் கொடுத்து, பின்னால் அனுப்பச் சொன்னார். அதில் கொழுத்த பச்சைப் புழு ஒன்று இருந்தது. அதைத் தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் அடிக்கும். கிளை கைமாறிக் கைமாறி நடுவரிசைக்கு வந்தபோது என் முறை வந்தது. நான் வெறுந்தரைப் படத்தைத் திரையில் போட்ட அதே நொடியில் ஒரு பையன் புழுவைக் குத்த, புழு கொம்பை நீட்ட, அரங்கமே "ஐயே!" என்று எழுந்து நின்றது. எல்லோரும் திரும்பி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணி ஓடிப் போய்ப் புழுவைக் காப்பாற்றினார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் உட்கார்ந்தபோது படம் மாறி, திரையில் கத்திரிப் பூவும், அதில் தொங்கும் நீலப்பட்டையும் இருந்தன. பரவாயில்லை, அழகாகத்தான் இருக்கிறது என்று ஒரு அம்மாள் பெரிய மனது பண்ணிச் சொன்னார்.

கைதூக்கும் நேரம் வந்தது. அப்போது அண்ணி ஒலிபெருக்கியை வாங்கினார்.

"எனக்கு இந்தக் கூடம் வேணும்னு ரொம்ப நாள் ஆசை. பொய் சொல்லல. ஆனா எம்பொண்ணுக்கு றெக்கை இருக்கு, ஊர் பூரா எலுமிச்சை மரம் இருக்கு. என் நாத்தனாரோட பொண்ணுங்களுக்கு இந்தக் கொல்லைய விட்டா வேற கதி இல்ல. நீங்க எல்லாரும் தேனீக்குக் கைதூக்குங்க" என்றார்.

அத்தனை கைகளும் உயர்ந்தன. நான் ஜெயித்தேன். அண்ணி விட்டுக்கொடுத்ததால் ஜெயித்தேன். என் பேச்சில் ஒரு வார்த்தைகூட யார் காதிலும் ஏறவில்லை, அவர் சொன்ன நாலு வாக்கியத்தில் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நன்றியில் பாதி, ஆத்திரத்தில் பாதி. அவர் முழுவதும் நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வேறோர் ஊரிலிருந்த பழைய தேனீச் சேகரிப்பைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். நான் நிம்மதியாகப் போனேன். கூடம் வராது, சிமெண்ட் வராது. கீழே அறைகளில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கும், மேலே தாய்மார்கள் போக வர இருப்பார்கள். இதற்கு மேல் அந்த இடத்துக்கு ஒன்றும் தேவையில்லை. அண்ணி மட்டும் தினமும் போன் செய்து, "எப்ப வர்றே? எத்தன மணிக்கு வர்றே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குரலில் ஒரு குதூகலம். எனக்குப் பிடித்ததை ஏதாவது சமைத்து வைப்பாராயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த அன்று காலையில் போனில், "வீட்டுக்குப் போகாத. நேரா பின்பக்கம் வா" என்றார். பையோடு போனேன்.

ஜெனரேட்டர் கொட்டகையைத் தாண்டியதும் எனக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. தரையைக் காணோம். மதில்வரைக்கும் மரப்பட்டைச் சில்லுகள், செந்நிறத்தில், கெட்டியாகப் பரப்பியிருந்தார்கள். நடுநடுவே வட்டமாக வெட்டி, கத்திரிச் செடி, தக்காளிச் செடி, நீலப் பூக்களோடு ஏதேதோ செடிகள். நான் இத்தனை வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் நீலப்பட்டை எந்தப் பூவுக்குப் போகும் என்று சொன்னேனோ, அத்தனை பூவும் இருந்தது. ஒன்றைக்கூட அண்ணி மறக்கவில்லை. நடுவில் ரிப்பன் கட்டி, இயக்குநர், பள்ளிக் குழந்தைகள், புகைப்படக்காரர், அன்று கைதூக்கியவர்களில் பாதிப் பேர் என்று ஒரு கூட்டம். 'நீலப்பட்டைத் தோட்டம்' என்று பலகை வேறு.

"எப்படி?" என்றார் அண்ணி. முகம் பூரித்துப் போயிருந்தது. "நாங்க எல்லாரும் சேர்ந்து ஒரே வாரத்துல பண்ணினோம். களை வராம இருக்க அடியில கறுப்புத் துணி விரிச்சாச்சு. மேடுபள்ளமா இருந்ததை ரோலர் விட்டு நிரவிட்டோம். இனிமே நீ வெயில்ல வெறுந்தரைய பார்த்துக்கிட்டு உக்கார வேணாம்."

சுரங்கக் கதையைக் கேட்டுக் கண் கலங்குவாரே தவிர, அந்தச் சுரங்கம் இந்தத் தரைக்குள்தான் இருக்கிறது என்பது அவர் மனதில் பதியவே இல்லை. வண்ணத்துப்பூச்சிக்காரர் அவர். ஓர் உயிருக்கு நல்லது செய்வது என்றால் அவருக்குத் தெரிந்தது செடி நடுவது ஒன்றுதான். அவருடைய பூச்சியின் மொத்த வாழ்க்கையும் இலையிலும் பூவிலும் நடக்கிறது. தரைக்கு அங்கே வேலையே இல்லை.

அப்போது ஒரு சிறுமி, "தேனீ வந்திடுச்சு! தேனீ வந்திடுச்சு!" என்று கத்தினாள்.

வந்திருந்தன. செந்நிறச் சில்லுகளுக்கு ஒரு சாண் உயரத்தில், இங்குமங்குமாக, நீலப்பட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கூட்டம் கைதட்டியது. புகைப்படக்காரர் மண்டியிட்டுப் படம் எடுத்தார். "பார்த்தீங்களா, நட்டு முடிக்கலை, அதுக்குள்ள மோப்பம் பிடிச்சு வந்துடுச்சுங்க!" என்றார் இயக்குநர். திரும்பவும் கைதட்டல்.

சுற்றியவை எல்லாமே பெண்கள். கால்களில் மகரந்தம் மஞ்சளாக அப்பியிருந்தது. பூவுக்குப் போகிறவள் வெறுங்காலோடு போவாள். காலில் சுமையோடு இருக்கிறவள் வீட்டுக்குத்தான் போவாள். இவர்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல், ஒரு வேர், ஒரு விரிசல் என்று அடையாளம் வைத்திருந்த வழியெல்லாம் போய்விட்டது. ஒருத்தி சில்லின் மேல் இறங்கி, நடந்து, ஓரத்தில் தலையை நுழைத்துப் பார்த்து, கறுப்புத் துணியில் முட்டி, மறுபடி எழும்பிச் சுற்றினாள். அதற்கும் குழந்தைகள் கைதட்டினார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். குரல் எனக்கே நன்றாக இல்லை. பையைப் போட்டுவிட்டு மண்டியிட்டுச் சில்லுகளை இரு கைகளாலும் வாரி எறிந்தேன். ஒரு தக்காளிச் செடி சாய்ந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். இயக்குநர் குனிந்து, "விருந்தாளிங்க எல்லாம் இருக்காங்கம்மா. எதுவா இருந்தாலும் அவங்க போனதும் செஞ்சிடலாம்" என்றார். "சார், நீங்க தள்ளுங்க" என்றேன்.

அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இது? பிடிக்கலைன்னா சொல்லேன். இத்தனை பேர் முன்னாடி..."

"அண்ணி, அதுங்க காலைப் பாருங்க. தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் காலைப் பாருங்க."

அவரும் பூச்சியோடு வாழ்கிறவர். பார்க்கச் சொன்னால் பார்க்கத் தெரியும். கீழே குனிந்து, ஒருத்தியை விடாமல் கண்ணால் தொடர்ந்தார். அவள் கத்திரிப் பூவைக் கடந்து போனாள், நீலப் பூவைக் கடந்து போனாள், எதிலும் உட்காரவில்லை. வந்த இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி இறங்கினாள்.

"பூவுக்கே போகலையே" என்றார் அண்ணி. பிறகு மெதுவாக, "கீழேயா?" என்றார்.

"கீழேதான்."

எழுந்து போய் ஒலிபெருக்கியை எடுத்தார். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். இதுங்க வீட்டு மேலேயே தோட்டம் போட்டுட்டேன். அதுங்க விருந்துக்கு வரல, கதவைத் தேடுதுங்க. எல்லாத்தையும் எடுக்கணும், இப்பவே எடுக்கணும். குழந்தைங்க செடிகளைத் தூக்குங்க, பெரியவங்க துணியப் பிடிங்க" என்றார்.

இதற்கும் கைதட்டினார்கள். தப்பை ஒப்புக்கொண்டாரே, என்ன பெருந்தன்மை என்று. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினைந்து நிமிடமாக முட்டிக்கால் போட்டு நகம் பிய்ந்து கிடந்த என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம், துணி வந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அத்தனை பேரும் சேர்ந்ததால் மதியத்துக்குள் துணி முழுவதும் வந்துவிட்டது. நான் ஒருத்தியாக இருந்திருந்தால் இரண்டு நாள் ஆகியிருக்கும். அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

கீழே தரை பளபளவென்று இருந்தது. ரோலர் போட்ட தரை. ஒரு துளை இல்லை, ஒரு விரிசல் இல்லை.

எல்லோரும் போன பிறகு நானும் அண்ணியும் மதில் ஓரமாக உட்கார்ந்தோம். அவர் புடவையெல்லாம் மண். தேனீக்களில் பல போய்விட்டிருந்தன. ஒருத்தி மட்டும் அண்ணியின் செருப்புக்குப் பக்கத்தில் இறங்கி, அங்கும் இங்கும் நடந்து, கடைசியில் பல்லால் மண்ணைப் பெயர்க்கத் தொடங்கினாள். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"வீடு கட்டுறா பாரு. புதுசா கட்டுறா!" என்று கிசுகிசுத்தார். "எவ்வளவு அழகா கட்டுறா! சரியாயிடுச்சு இல்ல? இப்ப உனக்குச் சந்தோஷம்தானே?"

"இல்ல அண்ணி" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் இல்லை என்றேன். "அவளுக்குப் பழைய வீடு கிடைக்கல. அதான் இங்க தோண்டுறா. அங்க முட்டை வெச்சு மூடின அறையெல்லாம் கீழேயே இருக்கு. எல்லாரோடதும் இருக்கு."

"அதுங்க வெளிய வந்துடும்ல?"

"ரோலர்ல நசுங்காம இருந்தா வரும்."

"நசுங்கிடுச்சா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்? தோண்டிப் பார்த்தா?"

"தோண்டினா மிச்சமும் செத்துடும். வந்தாத்தான் தெரியும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா ஒண்ணும் தெரியாது. உங்க புழு செத்தா இலையில தொங்கும், நாலு பேர் பார்த்து அழுவாங்க. இது அப்படியே இருக்கும் அண்ணி, இப்ப இருக்கிற மாதிரியே. பார்க்கிற யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது."

அண்ணி எப்போதும் ஏதாவது சொல்வார், எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவார். இப்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, ஒவ்வொரு சாணாக. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து நிற்கப் போனவர், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.